பள்ளியை விட்டுவிட்டு நாவல் எழுதலாமா?

கேள்வி: நான் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். வயது 41. பணியில் சேர்ந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. எட்டு ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு, பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம் திருமணம் செய்துவைத்துவிட்டார்கள். அதை, 14 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் படிக்கும்படியான நாவலாக எழுதியிருக்கிறேன். ஒரு பதிப்பாளர், "கதை நன்றாக இருக்கிறது, ஆனால் பாடம் நடத்துகிறீர்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொருவர், 45,000 ரூபாய் கட்டினால் 300 பிரதிகள் அச்சிட்டுத் தருவதாகச் சொல்கிறார். விருப்ப ஓய்வு பெற்று முழுநேரமாக எழுதினால்தான் நாவல் நன்றாக வரும் என்று எனக்குத் தோன்றுகிறது; கணவர் தயங்குகிறார். என்ன செய்யலாம்? கைப்பிரதியையும் இணைத்துள்ளேன்.

பதில்: மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கைப்பிரதியை இரண்டு முறை படித்தேன். நான் கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் 24 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன். அந்தக் காலத்திலேயே இளையோர் நாவல்கள் எழுதத் தொடங்கி, ஓய்வுக்குப் பின் பிறருடைய கைப்பிரதிகளைச் செப்பனிடுவதைத் தொழிலாகக் கொண்டவன். தருமபுரியிலிருந்து வரும் கைப்பிரதிகளில் பாதி அதியமானிலும் நெல்லிக்கனியிலும் தொடங்கும். உங்களுடையது ஒரு தையற்கடையில் தொடங்குகிறது என்பதைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலையைப் பற்றிய கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஒருவர் தாமாக ஓய்வு பெற, அடிப்படை விதி 56(3)இன்படி 50 வயது நிறைந்திருக்க வேண்டும் அல்லது தகுதியான பணிக்காலம் 20 ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும்; அதோடு மூன்று மாத முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு தகுதியும் இன்னும் வரவில்லை. ஆகவே நீங்கள் விருப்ப ஓய்வு என்று நினைத்துக்கொண்டிருப்பது நடைமுறையில் ராஜினாமாவாகத்தான் இருக்கும். 2003 ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பின் பணியில் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியத் திட்டத்திலும் நீங்கள் இல்லை. ஓய்வூதியம் குறித்த அரசின் அறிவிப்புகள் மாறிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், 16 ஆண்டுப் பணியை நடுவில் துறந்துவிட்டு வெளியே வருவதைப் பற்றி உங்கள் கணவர் தயங்குவதில் தவறொன்றும் இல்லை.

எழுத்தின் வருமானத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 ரூபாய் விலையுள்ள நாவலுக்குப் பத்து சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 18 ரூபாய். 500 பிரதிகள் விற்றால் 9,000 ரூபாய். ஒரு புதிய எழுத்தாளரின் முதல் நாவல் 500 பிரதிகள் விற்கச் சில நேரங்களில் இரண்டு ஆண்டுகள் ஆகும். அந்தத் தொகை உங்களுடைய ஒரு மாத அகவிலைப்படிக்குக்கூட ஈடாகாது. பொது நூலகத் துறையின் நூலக ஆணை, அதாவது நூலகங்களுக்காக உங்கள் நூலை வாங்கும் ஆணை, கிடைத்தால் நிலைமை சற்று மாறும். ஆனால் அது எந்த ஆண்டு வரும், எத்தனை பிரதிகளுக்கு வரும் என்பதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

வேலையை விட்டுவிட்டவர்கள்தான் நல்ல நாவல் எழுதினார்கள் என்பதும் உண்மையில்லை. இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் பள்ளி ஆசிரியராக இருந்த வில்லியம் கோல்டிங், ஆளில்லாத தீவில் சிக்கிய சிறுவர்களைப் பற்றிய தம் முதல் நாவல் 1954இல் வெளிவந்து பேர் வாங்கிய பிறகும் 1961 வரை பள்ளியிலேயே இருந்தார். அமெரிக்காவில் 15 ஆண்டுகள் ஆங்கிலமும் வரலாறும் கற்பித்த ரிக் ரியோர்டன், பள்ளியில் இருந்தபடியே 1997இலிருந்து பெரியவர்களுக்கான துப்பறியும் நாவல்களை வெளியிட்டார். 2005இல் வெளிவந்த அவருடைய முதல் இளையோர் நாவலும் ஆசிரியப் பணிக்காலத்தில் எழுதப்பட்டதே. அதன் கைப்பிரதியைத் தம் பள்ளி மாணவர்கள் சிலரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நம்மிடையே ஆயிஷா இரா. நடராசன் கடலூரில் பள்ளிப் பணியில் இருந்துகொண்டே எழுதியவர். 2014இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்காரமும் பெற்றார். வகுப்பறையில் இருப்பவருக்குப் பதினைந்து வயதினரின் பேச்சு நாள்தோறும் காதில் விழுகிறது. வெளியே வந்தபின் அந்தப் பேச்சு எவ்வளவு விரைவாகப் பழசாகிவிடுகிறது என்பதை ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டில் நான் தெரிந்துகொண்டேன். என் பாத்திரங்கள் பேசுவதைப் படித்துவிட்டு, "யார் தாத்தா இப்பல்லாம் இப்படிப் பேசறாங்க?" என்று என் பேத்தி கேட்டாள்.

நேரமில்லை என்ற உங்கள் குறை நியாயமானது. ஆனால் கைப்பிரதியின் இன்றைய சிக்கல் நேரத்தால் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதிப்பாளர் சொன்னது சரி. எந்த இடத்தில் சரி என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் அவர் செய்த தவறு.

முதல் அத்தியாயத்தில், கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க உங்கள் நாயகி செல்வி தையற்கடைக்கு வருகிறாள். தைக்கும் பெண் அவளுடைய வகுப்புத் தோழியின் அம்மா. நாடாவைச் சுற்றி அளவெடுத்துவிட்டு, "இன்னும் வளர்ற பொண்ணு, உள்ள ரெண்டு வெரக்கட துணி விட்டே தைக்கிறேன்" என்கிறாள். இந்த ஒரு வரிக்காகவே உங்கள் நாவல் அச்சேற வேண்டும் என்று நினைக்கிறேன். தவறு நடக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது. அவளால் செய்ய முடிந்தது இரண்டு விரற்கடைத் துணி விடுவது மட்டுமே. ஆனால் அடுத்த பத்தியிலேயே நீங்கள், "அந்த இரண்டு விரற்கடையில் ஒரு சமூகத்தின் குற்ற உணர்ச்சி மடித்துத் தைக்கப்பட்டிருந்தது" என்று எழுதிவிட்டீர்கள். கரும்பலகையில் விடையை எழுதிவிட்டு அடியில் இரண்டு கோடு போடும் பழக்கம் இது. நமக்கெல்லாம் உண்டு. கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் புரிந்ததா என்று உறுதிசெய்துகொள்ளாமல் அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாது என்றுதானே பழகியிருக்கிறோம்? நாவலில் அந்தக் கடைசி வரிசைக்காரன் நம்மைவிடக் கெட்டிக்காரன். அவனாகக் கண்டுபிடிக்க வேண்டியதை நாம் சொல்லிவிட்டால், அவன் புத்தகத்தைப் பாடநூலோடு சேர்த்து மூடிவிடுவான்.

கைப்பிரதி முழுவதிலும் இப்படி விளக்கம் சொல்லும் பத்திகளை எண்ணிப் பார்த்தேன். 31 இருக்கின்றன. அவற்றில் 26ஐ அப்படியே நீக்கினாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது.

ஏழாம் அத்தியாயம் இதைவிடப் பெரிய சிக்கல். அறிவியல் ஆசிரியை செல்வியின் வீட்டுக்குப் போகிறார். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006, பெண்ணுக்கு 18 வயது, ஆணுக்கு 21 வயது, 1098 என்ற உதவி எண் என்று இரண்டரைப் பக்கம் பேசுகிறார். அப்பா தலைகுனிந்து அழுகிறார். உங்கள் வகுப்பில் நடந்தபோது அப்பா அழவில்லை என்பது உங்கள் பின்னுரையிலேயே இருக்கிறது. அவர் என்ன சொன்னார் என்பதை நீங்கள் எழுதவில்லை, ஏதோ சொல்லியிருப்பார். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டு மாதத்துக்கு ஒருமுறை ஊர் திரும்பும் அப்பாக்களை நம் இருவருக்கும் தெரியும். வயதுக்கு வந்த பெண்ணைக் கண் மங்கிய பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைத்தளத்துத் தகரக் கொட்டகையில் படுத்திருப்பவருக்கு ஓர் அச்சம் இருக்கும். அந்த அச்சத்துக்கு ஒரு நியாயமும் இருக்கும். அதை அவர் வாயாலேயே, அறிவியல் ஆசிரியையால் மறுக்க முடியாத அளவுக்கு வலுவாக எழுதுங்கள். ஆசிரியை தோற்றுத் திரும்பட்டும். அதற்குப் பிறகுதான் செல்விக்கு நாவலில் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கும். இப்போதைய வடிவில் முடிவுகள் அனைத்தையும் பெரியவர்கள் எடுக்கிறார்கள். அவள் அழுகிறாள், பிறகு காப்பாற்றப்படுகிறாள். பதினைந்து வயது வாசகிக்கு வேண்டியது காப்பாற்றப்படும் பெண்ணின் கதை அல்ல. செல்வி எடுக்கும் முடிவு சிறியதாக இருக்கலாம், தவறானதாகவும் இருக்கலாம். ஆனால் அது அவளுடையதாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கான நாவலுக்கும் இளையோர் நாவலுக்கும் வாசகரின் வயதைத் தவிர வேறு வேறுபாடு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தில் உண்டு. பின்னாளில் நிகழப்போவதை அறிந்த குரல் கதையைச் சொல்லக் கூடாது. அடுத்த வாரம் என்ன நடக்கும் என்பது செல்விக்கு எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் கதைசொல்லிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இப்போது 23 வயது இருக்கும். பக்கத்து ஊரில் குழந்தையோடு இருக்கிறாள் என்று பின்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். பெயரை மாற்றியிருக்கிறீர்கள். ஆனால் ஊரின் பெயர், பேருந்து எண், தேர்வுக்கு முந்தைய மாதம், முதல் மதிப்பெண், குழந்தைகள் உதவி எண்ணுக்குப் புகார் போய் அதிகாரிகள் வந்து விசாரித்தது ஆகிய அனைத்தும் அப்படியே இருக்கின்றன. ஒரே ஒரு மேல்நிலைப் பள்ளி உள்ள ஊரில் இது யார் என்று தெரியாமல் போகுமா? விசாரணைக்கு உள்ளான ஒரு குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி என்று அடையாளம் காட்டக்கூடிய விவரம் எதையும் வெளியிடக் கூடாது என்பது இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு. திருமணம் செய்துவைக்கப்படும் ஆபத்தில் உள்ள குழந்தையும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறது. அந்தப் பின்னுரையை முழுவதுமாக நீக்கிவிடுங்கள். 'உண்மைக் கதை' என்ற சொல் அட்டையில் வரவே கூடாது.

அவளிடமே அனுமதி கேட்டுவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டால் சரி என்றுதான் சொல்வாள். டீச்சர் கேட்டால் மறுத்துப் பழக்கமில்லாத பெண்கள் அவர்கள். அந்தச் 'சரி'யை அனுமதியாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முதல் நாவல், போச்சம்பள்ளிப் பக்கத்தில் என்னிடம் படித்த ஒரு மாணவனின் குடும்பத்திலிருந்து எடுக்கப்பட்டது. அவனுடைய அப்பா மாங்காய் மண்டியில் சுமை தூக்குபவர். பெங்களூரா ரக மாங்காய் ஆலைக்குப் போகும் பருவத்தில் கையில் காசு புரளும், அப்போது குடிப்பார், பையன் இரவில் தெருவிளக்கில் படிப்பான். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டேன் என்ற நிம்மதியில் இருந்தேன். புத்தகம் வந்து மூன்று ஆண்டுகள் கழித்து அவன் என் வீட்டுக்கு வந்தான். நாவலைப் படித்திருந்தான். கோபப்படவில்லை. காபி குடித்து முடித்துவிட்டு, "எங்கப்பா குடிச்சது மட்டும்தான் சார் உங்களுக்குத் தெரியும். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப மத்தூருக்குத் தோள்ல தூக்கிட்டு நடந்தது உங்களுக்குத் தெரியாதில்ல" என்றான். பள்ளி வாயிலில் நின்று பார்த்தவனுக்கு அது எப்படித் தெரியும்? அந்த நாவலின் இரண்டாம் பதிப்புக்கு நான் சம்மதிக்கவில்லை.

அதனால், அந்தப் பெண்ணின் வாழ்க்கையை அவளிடமே விட்டுவிடுங்கள். உங்களை எட்டு ஆண்டுகளாகத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரை மலையின் அந்தப் பக்கம் மாற்றுங்கள். அஞ்செட்டிக்குக் கொண்டுபோகலாம், பாலக்கோட்டின் தக்காளி மண்டிக்குக் கொண்டுபோகலாம். முதல் மதிப்பெண் வாங்கும் பெண் என்பதையும் மாற்றிப் பாருங்கள். கெட்டிக்காரப் பெண்ணின் படிப்பு நின்றால்தான் நமக்கு வலிக்க வேண்டுமா? 40 மதிப்பெண் வாங்கும் செல்வி என்றால் நாவல் இன்னும் கடினமாகும், இன்னும் நேர்மையாகவும் ஆகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மொழியைப் பற்றி ஒன்று. பாட்டியின் பேச்சில் வரும் கன்னடச் சொற்களுக்கெல்லாம் அடிக்குறிப்பு போட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து ஒலிக்கும் வட்டாரம் நம்முடையது. திருநெல்வேலியில் இருக்கும் பிள்ளை ஒரு சொல்லைச் சூழலிலிருந்து ஊகித்துக்கொள்ளும். ஊகிக்கவில்லை என்றாலும் கதை நின்றுவிடாது.

கைப்பிரதியை மாணவர்களிடம் படிக்கக் கொடுக்கலாம், ஆனால் உங்கள் மாணவர்களிடம் வேண்டாம். செய்முறைத் தேர்வு மதிப்பெண் உங்கள் கையில் இருக்கும்வரை அவர்களால் உண்மை சொல்ல முடியாது. வேறு ஊர்ப் பள்ளி ஒன்றில் உங்களுக்குத் தெரிந்த ஆசிரியர் வழியாக, பெயர் போடாத படிகளை ஆறேழு பிள்ளைகளிடம் கொடுங்கள். கருத்து எழுதச் சொல்லாதீர்கள். எழுதினால் மதிப்புரைதான் வரும். படிப்பதை எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள் என்று பென்சிலால் ஒரு கோடு மட்டும் போடச் சொல்லுங்கள். நான்கு பேர் ஒரே பக்கத்தில் நிறுத்தியிருந்தால் அந்தப் பக்கத்தில் நீங்கள் பாடம் நடத்தியிருப்பீர்கள்.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சிறு நூல்கள் வந்திருக்கின்றன. தேன்சிட்டு இதழும் பள்ளிக்கு வருகிறது. அவற்றைப் படித்துப் பழகிய பிள்ளை ஒன்பதாம் வகுப்பைத் தாண்டியதும் 160 பக்கத்தில் தன் வயதுக்கு ஏற்ற நாவல் ஒன்றைத் தேடினால், தமிழில் அந்த அடுக்கில் இருப்பவை மிகக் குறைவு. சிறார் கதைக்கும் பெரியவர் நாவலுக்கும் நடுவே உள்ள அந்த இடத்துக்குத்தான் நீங்கள் எழுதுகிறீர்கள். அதனால் அவசரப்பட்டு 45,000 ரூபாய் கட்டிவிடாதீர்கள். 300 பிரதிகளுக்கு அந்தத் தொகை என்றால் ஒரு பிரதியின் அடக்க விலை 150 ரூபாய். 200 ரூபாய் விலை வைத்துக் கடைக்கழிவாக மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது 133 ரூபாய். விற்க விற்க நட்டம். அதைவிடக் கவலைக்குரியது, அவர் அனுப்பிய ஒப்பந்தத்தில் 'அனைத்து உரிமைகளும் பதிப்பகத்தைச் சேரும்' என்று இருப்பது. பணத்தையும் நீங்கள் கட்டி, உரிமையையும் நீங்கள் இழப்பதா? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிக்கப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்கப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் என்றும் அது கொள்ளப்படும். ஆசிரியரின் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நிற்கும் உரிமை அது. எந்தப் பதிப்பகமாக இருந்தாலும் அச்சுப் பதிப்புக்கு மட்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் கொடுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றைத் தனித்தனி வரியில் எழுதச் சொல்லுங்கள். பதிப்பாளர்களை நேரில் பார்க்கச் சென்னைக்குப் போகத் தேவையில்லை. தருமபுரியிலும் ஓசூரிலும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களுக்கு அவர்களே வருகிறார்கள். மாலைக் கூட்டம் சேருவதற்கு முன், முற்பகலில் போங்கள். யாருடைய கடையில் பதின்பருவத்தினருக்கான நூல்கள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் அலுவலக வேலை ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973இல் நூல் வெளியீடு பற்றிய பகுதியை, இதுவரை வந்த திருத்தங்களோடு, உங்கள் பள்ளி அலுவலக உதவியாளரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, அதன் படியில் ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னேன் என்பது பின்னால் உதவாது. வரும் ராயல்டி சிறு தொகையாக இருந்தாலும் வருமான வரிக் கணக்கில் காட்டிவிடுங்கள். புத்தகத்தை உங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் விற்காதீர்கள். நூலகத்துக்கு இரண்டு பிரதிகள் கொடுத்துவிட்டு அமைதியாக இருந்துவிடுங்கள்.

விடியற்காலை ஒரு மணி நேரமும், மே மாத விடுமுறையும் இந்தத் திருத்தத்துக்குப் போதும். ஏழாம் அத்தியாயத்தில் தொடங்குங்கள். அப்பாவின் பேச்சு சரியாக அமைந்துவிட்டால் அதற்குப் பின் வரும் அத்தியாயங்கள் தாமாக மாறும். ஜூனில் பள்ளி திறந்த பிறகு அனுப்பிவையுங்கள், படிக்கிறேன். அப்போது இன்னொன்றையும் பார்க்க ஆசைப்படுவேன். தையற்கார அம்மா இரண்டு விரற்கடை விட்டுத் தைத்த அந்த ரவிக்கை முதல் அத்தியாயத்துக்குப் பிறகு நாவலில் எங்கேயும் வரவில்லை. அது என்ன ஆயிற்று?